மகனுக்கு எச்.பைலோரி பாசிட்டிவ். உயரம் கூடாததற்கு அதுதான் காரணமா?

நிலாமுற்றம்:

மகனுக்கு 7 வயது 3 மாதம். உயரம் 115 செ.மீ., எடை 19 கிலோ. வகுப்பில் உயர வரிசையில் நிறுத்தினால் எப்போதும் முதல் ஆள் இவன்தான். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். 6ஆம் பிறந்தநாள் கோட்டுக்கும் 7ஆம் பிறந்தநாள் கோட்டுக்கும் நடுவே 2 செ.மீ.தான் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சாப்பாட்டிலும் அரைகுறைதான். வாரத்தில் ஒரு நாளாவது தொப்புளைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்பான். பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விடுவான். போன வாரம் ஒரு ஆய்வகத்தில் நாங்களாகவே ஒரு மொத்த ரத்தப் பரிசோதனை எடுத்தோம். அதில் 'ஹெலிகோபாக்டர் பைலோரி ஐஜிஜி: பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 11.8. தேடிப் படித்தால் இது இரைப்பையில் வாழும் ஒரு கிருமியாம், பசியைக் குறைக்கும், வளர்ச்சியைத் தடுக்கும் என்கிறார்கள். இன்னொரு பக்கம் வயிற்றுப் புற்றுநோய் என்கிறார்கள். உடனே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டுமா? குழந்தைகள் மருத்துவரிடம் அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

ஈரக்காற்று:

என் தங்கை மகளுக்கும் இதே கிருமி இருந்தது. இரண்டு வாரம் மருந்து கொடுத்தார்கள், அப்புறம் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பயப்படாதீர்கள் அக்கா, சரியாகிவிடும்.

இரவுப்பணி:

குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யும் பிரிவில் பல வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தத் தடித்த எழுத்து. ஐஜிஜி என்பது எதிர்ப்புரதம். கிருமி உள்ளே வந்தபோது உடம்பு தயாரித்தது. கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்திலேயே இருக்கும். அதனால் இந்த பாசிட்டிவ், கிருமி இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்லாது. சிறு குழந்தைகளில் இந்த ரத்தப் பரிசோதனை நம்பகமும் கிடையாது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டியில் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இன்னமும் ஆய்வகங்கள் இதை மொத்தப் பரிசோதனைகளில் சேர்த்து வைத்திருப்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

கிருமி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, மூச்சுப் பரிசோதனை இன்னொன்று. இந்தக் கிருமிக்கு யூரியேஸ் என்று ஒரு நொதி உண்டு. யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். அந்த அம்மோனியாவைத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் அவ்வளவு அமிலத்திலும் பிழைத்துக் கிடக்கிறது. குறியிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, ஊதச் சொல்லி, அந்தக் கார்பன் மூச்சில் வருகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தைகளுக்குக் கதிரியக்கம் இல்லாத கார்பன் 13 வகைதான் கொடுப்பது. 6 வயதுக்குக் கீழே அதன் முடிவு கொஞ்சம் தடுமாறும். ஒழுங்காக ஊதவும் மாட்டார்கள், பாதி பேர் பைக்குள் சிரித்துவிடுவார்கள்.

இந்த இரண்டையும் பெரும்பாலும் மருந்துக்குப் பிறகு கிருமி ஒழிந்ததா என்று பார்க்கத்தான் பயன்படுத்துகிறோம். குழந்தைகளுக்கு மருந்து தொடங்கும் முன் எண்டோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதாவது, எண்டோஸ்கோப்பி செய்யும் அளவுக்குக் காரணம் இருந்தால்தான் இந்தக் கிருமியைத் தேடவே வேண்டும். தொப்புளைச் சுற்றி வந்து பத்து நிமிடத்தில் போகும் வலி அந்தக் காரணத்தில் சேராது. ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், நள்ளிரவில் எழுப்பிவிடும் வலி, எடை இறங்குவது, விடாத வாந்தி, விழுங்கச் சிரமம் இவை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் ஒட்டிக்கொள்வது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். புற்றுநோயை நினைத்து இப்போது கலங்காதீர்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகைக் காரணி என்று பட்டியலிட்டது உண்மை. ஆனால் அது பல பத்தாண்டுகள் எடுக்கும் கதை, அதுவும் தொற்று உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு.

கேள்விக்குறி:

இரவுப்பணி சொல்வதில் பாதி சரி. ஆனால் 'எந்தத் தொந்தரவும் இல்லை' என்று முடித்துவிட முடியாது. காம்பியாவில் பிறந்தது முதல் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்தக் கிருமி வந்தவர்களுக்கு அடுத்து வந்த மாதங்களில் எடையும் நீளமும் பின்தங்கின. கொலம்பியாவின் மலைப்பகுதியில் செய்த ஆய்வில், புதிதாகத் தொற்று வந்த பிள்ளைகளின் வளரும் வேகம் குறைந்தது. கிருமியை ஒழித்தவர்கள் கொஞ்சம் வேகம் பிடித்தார்கள் என்றும் அதே குழு எழுதியிருக்கிறது.

வழிமுறையும் தெளிவாகவே இருக்கிறது. தொற்று வந்த புதிதில் இரைப்பை அமிலம் குறைகிறது. அமிலம்தான் உள்ளே வரும் மற்ற கிருமிகளைக் கொல்லும் காவல். அது சோர்ந்தால் வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும். இரும்புச்சத்தைக் கரைத்து உறிஞ்சத் தோதாக்குவதும் அமிலமும் வைட்டமின் சியும்தான், இரண்டும் குறைகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பைச் சுவரில்தான் முக்கியமாகச் சுரக்கிறது. சுவர் புண்ணானால் அதுவும் குறையலாம். இத்தனை இருக்கும்போது ஒரு தாய் கவலைப்படுவதை எப்படித் தப்பு என்று சொல்வது?

பெரிய மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளாததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. இதே கிருமிதான் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் கிடைத்தது.

அளவுகோல்:

கேள்விக்குறி, நீங்கள் சொன்ன ஆய்வுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. நான் வளர்ச்சிக் குறைபாட்டுக்கான வெளிநோயாளர் பிரிவில் உணவு ஆலோசகர். காலை முழுக்கப் பிள்ளைகளை அளப்பதுதான் வேலை. எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

இந்தக் கிருமி எந்த வீட்டில் எளிதாகப் பரவும்? ஒரே அறையில் நிறையப் பேர் படுக்கும் வீட்டில், சுத்தமான தண்ணீரும் கழிவறையும் இல்லாத வீட்டில், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில். அதே வீட்டில்தான் சாப்பாடும் பற்றாது, புழுத்தொற்று இருக்கும், மாதத்துக்கு ஒரு வயிற்றுப்போக்கு வரும், தாயே சத்துக் குறைந்து சிறிய குழந்தையைப் பெற்றிருப்பாள். அந்தக் குழந்தை குள்ளமாக இருந்தால் பழியை யார் தலையில் போடுவது? கொலம்பியாவில் பார்த்த வேகக் குறைவும் செ.மீ.யின் சிறு பகுதிதான். வசதியான இடங்களில் இதே கேள்வியைக் கேட்ட பல ஆய்வுகளில், வறுமையைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மங்கிப்போனது. காம்பியாவிலும் வயது ஏறும்போது அந்தத் தாக்கம் தேய்ந்தது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வளர்ச்சியைக் கடிக்கும் குடல் கிருமிகள் என்றால் எனக்கு எச்.பைலோரி முதலில் நினைவுக்கு வராது. மால்-எட் என்று எட்டு நாடுகளில் பிறந்தது முதல் குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வேலூரில் நடந்தது. அதில் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஒரு வகை ஈ.கோலை, அப்புறம் பாக்டீரியா வகையில் சேராத ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இவைதான் உயரக் குறைவோடு ஒட்டி வந்தன. கவனியுங்கள், வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களில் மலத்தில் இருந்தாலும். குடல் சுவர் சத்தமில்லாமல் வீங்கிக் கிடக்கிறது, சத்து உள்ளே போவது குறைகிறது, கிடைத்ததில் ஒரு பங்கை உடம்பு அழற்சியோடு மல்லுக்கட்டவே செலவழிக்கிறது. இதெல்லாம் முக்கியமாக முதல் 2 வயதுக்குள். சரி, அப்படியானால் தண்ணீரையும் கழிவறையையும் மேம்படுத்தினால் உயரம் கூடுமே என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் பெரிய சோதனைகள் செய்தார்கள். உயரம் கூடவில்லை. சத்துணவு கொடுத்த குழுக்களில் மட்டும் கொஞ்சம் கூடியது. இந்த விஷயத்தில் நேர்கோடு போடுபவர்களை நான் நம்புவதில்லை. ஒரு கிருமி, ஒரு மருந்து, இத்தனை செ.மீ. என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

இரவுப்பணி சொன்ன அந்தச் சங்கங்கள் 2016இல் எழுதிய வழிகாட்டியில் ஒரு வரி நேராகவே இருக்கிறது: உயரக் குறைவுக்குக் காரணம் தேடும்போது எச்.பைலோரி பரிசோதனை செய்ய வேண்டாம்.

நிலாமுற்றம், உங்களுக்கு இரண்டு கேள்வி. உங்கள் உயரமும் கணவர் உயரமும் என்ன? அந்தக் கதவுக் கோடுகளை யார், எப்படிப் போட்டது?

நிலாமுற்றம்:

எனக்கு 151, அவருக்கு 164. கோடு நான்தான் போடுவேன். தலை மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து.

ரத்த வாந்தி, கறுப்பு மலம் எதுவும் இல்லை. இரவில் அடித்துப்போட்டது போல் தூங்குவான்.

அளவுகோல்:

பையனென்றால் இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 13 கழிக்க வேண்டும். 151 + 164 + 13 = 328. பாதி 164. அதற்கு மேலும் கீழும் எட்டு எட்டரை செ.மீ. போகலாம். அவன் உடம்பு போகும் இடம் ஏறக்குறைய அதுதான். இந்த வயதில் 115 என்பது, 100 பையன்களை உயரப்படி நிறுத்தினால் முன்னாலிருந்து 5ஆவது ஆளுக்கும் 10ஆவது ஆளுக்கும் நடுவில். குட்டையான பக்கம்தான், கோட்டுக்கு வெளியே இல்லை. உயரத்துக்கு ஏற்ற எடையும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது அந்த 2 செ.மீ.தான். 4 வயதிலிருந்து பருவம் வரும்வரை வருடம் 5, 6 செ.மீ. வளர வேண்டும். 4க்குக் கீழே போனால் காரணம் தேடியே ஆக வேண்டும். தைராய்டு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், சிறுநீரகம், வளர்ச்சி ஹார்மோன் என்று பட்டியல் நீளம். எச்.பைலோரியைத் துரத்திக்கொண்டு போய் இவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் அதுதான் பெரிய தப்பு. பள்ளியிலோ தடுப்பூசி அட்டையிலோ பழைய அளவு இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒற்றை அளவை வைத்து எந்த மருத்துவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாம்மாடி:

இந்தக் கிருமியால் உண்மையிலேயே அடிபட்ட வீடு எங்களுடையது, அதனால் எழுதுகிறேன். கேள்விக்குறி சொன்ன இரும்புச்சத்து விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

மகளுக்கு அப்போது 10 வயது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஹீமோகுளோபின் 8.6. மூன்று மாதம் இரும்புச்சத்து மருந்து, 10.4 வந்தது. நிறுத்தி நான்கு மாதத்தில் மறுபடி 8.9. மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று ஒரு மருத்துவர் என் மனைவியைத் திட்டினார். கொடுத்ததற்குச் சாட்சி மகளுடைய கறுத்த பல்லும் கறுப்பு மலமும்தான், அதை யார் கேட்டார்கள். புழுவுக்கு மருந்து கொடுத்தாயிற்று, மலத்தில் ரத்தம் இல்லை, சீலியாக் பரிசோதனையும் நெகட்டிவ். பிறகுதான் வேறு ஒருவர் எண்டோஸ்கோப்பி சொன்னார்.

திரையில் என்னையும் பார்க்க விட்டார்கள். இரைப்பையின் கடைசிப் பகுதி முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள், குளிரில் கை மயிர் சிலிர்க்கும்போது தோல் புள்ளி புள்ளியாக நிற்குமே, அப்படி. எடுத்த சதைத் துணுக்கு ஒன்றை மஞ்சள் நிறக் கூழ் வைத்திருந்த சிறு அட்டையில் செருகினார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சள், துணுக்கைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஊற ஆரம்பித்துவிட்டது. அம்மோனியா வேலை செய்கிறது என்றார் செவிலியர்.

14 நாள் மருந்து. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், கூடவே அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல். கடைசி மருந்து பெரிய சோதனை. 'வாயெல்லாம் இரும்புச் சாவியைச் சப்பின மாதிரி இருக்கு' என்று அழுதாள். 9ஆம் நாள் நிறுத்திவிடலாமா என்று நானே நினைத்தேன். ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் செத்தது போகத் தாங்கினது மிஞ்சும், அடுத்த முறை இதே மருந்து கேட்காது என்று முதல் நாளே எச்சரித்திருந்ததால் விடவில்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் அவளே ஒரு கட்டத்தை நிரப்பினாள்.

முடிந்து இரண்டு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை, நெகட்டிவ். இரும்புச்சத்தைத் திரும்ப ஆரம்பித்து, நான்காவது மாதம் 12.1. நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

உயரம் எகிறியதா என்று கேட்பீர்கள். இல்லை. எப்போதும் போலத்தான் வளர்ந்தாள். பசி வந்தது, படி ஏறினாள், அவ்வளவுதான்.

இரவுப்பணி:

மூன்றாம்மாடி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். சரியான காரணத்துக்குச் செய்த எண்டோஸ்கோப்பி என்றால் இதுதான். இரும்புச்சத்து கொடுத்தும் நிற்காத ரத்தசோகை, மற்ற காரணங்கள் எல்லாம் கழிந்த பிறகு. பிளேட்லெட் நாள்பட்டுக் குறைந்துகொண்டே இருக்கும் ஒரு வகை நோயிலும் இந்தக் கிருமியைத் தேடச் சொல்வார்கள். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் கண்ணில் பட்டு, கிருமியும் இருந்தால் ஒழித்தே ஆக வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். இரும்புச்சத்து மருந்து சாப்பிடும்போது மலம் கறுப்பது இயல்பு. பிஸ்மத் என்ற உலோகம் சேர்ந்த வயிற்று மருந்திலும் கறுக்கும், நாக்கும் கறுக்கும். இவை இரண்டும் இல்லாமல், பிசுபிசுவென்று, தனி நாற்றத்தோடு கறுத்தால் அது ரத்தம்.

தூக்கம்கெட்டவன்:

எனக்கு அல்சர், எச்.பைலோரி இருப்பதாகப் போன மாதம் தெரிந்தது. வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. ஒரே கரண்டியில் ஊட்டலாமா? குழந்தைக்கும் பார்க்க வேண்டுமா? மனைவி முத்தம்கூடக் கொடுக்காதே என்கிறாள்.

இரவுப்பணி:

முத்தத்தைத் தடை செய்ய வேண்டாம் சார். வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், கரண்டியைத் தனியாக வையுங்கள், கழிவறை போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் துடைத்த கையையும் கழுவுங்கள். பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் பரவுகிறது, அதிலும் அம்மா, அண்ணன், அக்காவிடமிருந்து.

உங்களுக்குச் சொன்ன மருந்தை முழுதாக முடியுங்கள், அதுதான் குழந்தைக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி. தொந்தரவு இல்லாத 2 வயதுக் குழந்தைக்குப் பரிசோதனை வேண்டாம். இந்த வயதில் மருந்து கொடுத்து ஒழித்தாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

ஈரக்காற்று:

தடுப்பூசி எதுவும் இல்லையா இதற்கு?

கேள்விக்குறி:

சீனாவில் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்துப் பெரிய சோதனை செய்தார்கள். 2015இல் முடிவு வந்தது. முதல் வருடத்தில் ஏறக்குறைய 72 சதவீதப் பாதுகாப்பு, பிறகு இறங்கியது.

அளவுகோல், வறுமையைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் மங்குகிறது என்பதை ஏற்கிறேன். முழுக்க மறைகிறது என்று நீங்களும் சொல்லவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே வரும் தொற்றைப் பற்றி என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது.

அளவுகோல்:

அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. 7 வயதுப் பையனுக்கு அதை வைத்து ஆன்டிபயாடிக் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நிலாமுற்றம்:

போய் வந்தோம். மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை ஓரம் தள்ளிவைத்துவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சுவரில் சாய்த்து அவரே அளந்தார். செருப்பு கழற்றி, குதிகால், பிட்டம், தோள் எல்லாம் சுவரைத் தொட, கண் நேராகப் பார்க்க. மூன்று முறை அளந்தார். 115.1, 115.0, 115.1.

தைராய்டு, சீலியாக், சிறுநீரகம், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கின்றன. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தார்கள். 6 வயது என்று வந்திருக்கிறது. அதாவது எலும்பு ஒரு வருடம் பின்னால் ஓடுகிறது. அவன் அப்பாவைப் பார்த்து 'நீங்கள் எப்போது வளர்ந்தீர்கள்' என்று கேட்டார். இவர் பத்தாம் வகுப்பு வரை முதல் பெஞ்சு, அதற்கப்புறம்தான் நெடுநெடுவென்று வளர்ந்தாராம். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

கிருமிக்கு மருந்து வேண்டாம், மறு பரிசோதனையும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அவன் இரைப்பையில் அது இருக்கிறதா இல்லையா என்பது இப்போதும் எங்களுக்குத் தெரியாது. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

மூன்றாம்மாடி:

அந்த 2 செ.மீ. பற்றி என்ன சொன்னார்?

நிலாமுற்றம்:

அதற்குத்தான் ஆறு மாதம்.

நிலாமுற்றம்:

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஆறு மாதம் முடிந்தது. அதே மருத்துவர், அதே சுவர், காலை நேரம். 117.8. 2.7 செ.மீ. கூடியிருக்கிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. பழைய படங்களைப் புரட்டும்போது 6ஆம் பிறந்தநாள் அன்று கதவு ஓரம் அவனை நிற்க வைத்துக் கோடு போடும் படம் கிடைத்தது. காலில் புது ஷூ. வெள்ளை நிறம், தடித்த அடி. கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தது இப்போது நினைவு வருகிறது. அந்த ஷூவைத் தேடி எடுத்து அடியை அளந்தேன், இரண்டரை செ.மீ. 7ஆம் பிறந்தநாளில் வெறுங்காலோடு நின்றிருக்கிறான். அப்படியானால் அந்த வருடம் அவன் வளர்ந்தது 2 இல்லை, நாலரை. பள்ளியில் எடுத்த அளவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது.

வயிற்று வலி இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறது. பெரும்பாலும் தேர்வுக்கு முந்தின நாள்.

அளவுகோல்:

6 மாதத்தில் 2.7 என்பது நல்ல வேகம். அந்த ஷூக் கோட்டை அழித்துவிடுங்கள்.

இரவுப்பணி:

அழிக்காதீர்கள், பக்கத்தில் 'ஷூ' என்று எழுதி வையுங்கள். அடுத்த கோடுகளையும் காலையிலேயே போடுங்கள். மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறைந்துவிடும்.

நிலாமுற்றம்:

எழுதிவிட்டேன். இப்போது பிரச்சினை வேறு. கோடு போடும்போது இவனே குதிகாலைத் தூக்கிவிடுகிறான். ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் பிடிக்க, ஒருவர் கீழே உட்கார்ந்து காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.